அலையைப் பின்தொடர்ந்த ஜான் ஸ்காட் ரஸ்ஸல்

1834-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள், ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பர்க் நகரை அடுத்த ஹெர்மிஸ்டன் என்னும் இடத்தருகே, இருபத்தாறு வயதினரான இளைஞர் ஒருவர் குதிரைமீதமர்ந்து யூனியன் கால்வாயின் கரைவழியே விரைந்து சென்றார். அவர் பின்தொடர்ந்தது கள்வனையன்று, ஓடிய விலங்கையுமன்று. ஒரே ஓர் அலையைப் பின்தொடர்ந்தார். குதிரைகள் பூட்டி இழுக்கப்பட்டு வந்த படகொன்று திடீரென நிறுத்தப்பட்டது. படகு நின்றது, அது தள்ளிவந்த நீர் நிற்கவில்லை. முகப்பின்கண் திரண்டு குமுறிய நீர், வழவழப்பான திரண்ட மேடொன்றாய் எழுந்து, படகை விட்டுப் பிரிந்து கால்வாயின் வழியே தனித்துச் செல்லத் தொடங்கிற்று. அதன் நீளம் ஏறக்குறைய முப்பது அடி; உயரம் ஓரடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடைப்பட்டது; விரைவு மணிக்கு எட்டு ஒன்பது மைல். வடிவு குலையாமலும் விரைவு தளராமலும் சென்ற அவ்வலையை ஓரிரண்டு மைல் தொலைவு தொடர்ந்து சென்று, அது மெல்லமெல்ல உயரங்குறைந்து கால்வாயின் வளைவுகளில் மறைந்த பின்னரே அவர் குதிரையை நிறுத்தினார். அவ்விளைஞரே ஜான் ஸ்காட் ரஸ்ஸல்.

தமிழ் பயிலும் மாணவனுக்குப் பௌதிக அறிஞர் ஒருவரின் வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். திரை என்றும் தரங்கம் என்றும் கல்லோலம் என்றும் அலைக்குப் பல பெயர் கூறும் நிகண்டுகளைப் பாடமாகக் கற்கும் எனக்கு, அலைகளையே வகுப்பு வகுப்பாகப் பிரித்து ஆராய்ந்த ஒருவரிடத்து ஆர்வம் பிறந்தது வியப்பன்று. அவர் வாழ்க்கையிற் புகழும் பழியும் கலந்தே கிடக்கின்றன என்பதும் இதனை எழுத என்னைத் தூண்டிற்று.

ரஸ்ஸல் 1808-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் அருகே பிறந்தார். தந்தையார் டேவிட் ரஸ்ஸல் என்பவர் திருச்சபைக் குரு. இளமையிலேயே தாயை இழந்த இவர், தாயாரின் குலப்பெயராகிய ஸ்காட் என்பதைப் பின்னர்த் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தந்தையாரைப் போன்று தாமும் குருத்தொழிலை மேற்கொள்வார் என எதிர்பார்க்கப்பட்டவர், பட்டறைகளிலும் இயந்திரங்களிலும் மனத்தைப் பறிகொடுத்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்று, பின் கிளாஸ்கோ பல்கலைக்கழகஞ் சேர்ந்து, தம் பதினேழாம் வயதிற் பட்டம் பெற்றார். அதன்பின் எடின்பர்க் அடைந்து, லீத் நகரத்துத் தொழிலாளர் கல்விக்கழகத்தில் கணிதமும் இயற்கை நூலும் கற்பித்து வந்தார். 1832-இல் எடின்பர்க் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஸர் ஜான் லெஸ்லி காலமாகவே, நிலையான பேராசிரியர் அமர்த்தப்படுங்காறும் வகுப்பு நடத்தும் பொறுப்பு இவருக்கு வந்தது. அப்பொழுது இவருக்கு வயது இருபத்து நான்கு. மாணவர் திரள் திரளாக வந்து கேட்டனர். எனினும் மறு ஆண்டில் அப்பதவி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்பவருக்கே சென்றது. 1838-இல் கணிதப் பேராசிரியர் பதவிக்கு முயன்றபோதும் இவருக்குக் கைகூடவில்லை. கல்விக்கூடத்தின் வாயில் இருமுறை இவருக்கு அடைபட்டது.

இவற்றுக்கிடையே நிகழ்ந்த துயரமொன்றை மறைத்தல் தகாது. சாலையிற் செல்லும் நீராவி வண்டிகளை ரஸ்ஸல் அமைத்தார். அவை 1834-இல் கிளாஸ்கோவுக்கும் பேஸ்லிக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றன. பார வண்டிகளாற் பாதை பழுதுறும் என்று சினந்த சாலை அதிகாரிகள், பாதையிற் கற்களைக் குவித்துத் தடைசெய்தனர். ஜூலை மாத இறுதியில், அத்தகைய கற்குவியலைக் கடக்குங்கால் வண்டியொன்றின் சக்கரம் முறிந்து, கொதிகலன் வெடித்து, ஏறியிருந்தாருட் சிலர் உயிரிழந்தனர். வண்டிப் போக்குவரத்து அத்துடன் நின்றது. ஹெர்மிஸ்டனில் அலை தோன்றியது அதற்கடுத்த மாதத்திலே. தாம் அமைத்த பொறி மக்களைக் கொன்ற செய்தி ஆறாதிருந்த நெஞ்சோடுதான் அவர் அக்கால்வாய்க் கரையில் நின்றிருக்க வேண்டும். வரலாற்று நூல்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் வெவ்வேறு அதிகாரங்களிற் கூறிச் செல்கின்றன. நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபொழுது என் மனம் சிறிது நடுங்கிற்று.

கால்வாய்க் கரையில் அவர்க்கு என்ன பணி? புகைவண்டிப் பாதைகள் பெருகத் தொடங்கிய காலம் அது. கால்வாய்க் கம்பெனியார் தம் தொழில் அழியுமே என்று அஞ்சி, நீராவிப் படகுகளைக் கால்வாயில் விரைவாகச் செலுத்த இயலுமா என ஆராயுமாறு ரஸ்ஸலை வேண்டினர். அதற்கு முன்னரே வியப்பான நிகழ்ச்சியொன்று கிளாஸ்கோவுக்கும் பேஸ்லிக்கும் இடைப்பட்ட சிறு கால்வாயில் நேர்ந்திருந்தது. கால்வாயின் பங்காளருள் ஒருவராகிய வில்லியம் ஹூஸ்டன் என்பவரின் படகை இழுத்துச் சென்ற குதிரை, எதையோ கண்டு மருண்டு தலைதெறிக்க ஓடிற்று. படகு கவிழும், கரை இடியும் என்று கண்டோர் அஞ்சினர். நடந்ததோ நேர்மாறு. விரைவு மிகுந்ததும் கரையை அரித்துக்கொண்டிருந்த பின்னலை அடங்கிவிட, படகு அமைதியான நீரின்மேல் மிக எளிதாகச் சென்றது. குதிரைக்கும் பாரங் குறைந்தது.

இதன் காரணத்தை ரஸ்ஸல் அளந்து கண்டார். ஆழங்குறைந்த கால்வாயில் அலை செல்லும் விரைவு, நீரின் ஆழத்தாற் கட்டுப்பட்டது. படகு அவ்விரைவினுங் குறைவாகச் செல்லுமாயின் தான் எழுப்பிய அலையைத் தானே முட்டித் தள்ள வேண்டும்; மேட்டில் ஏறுபவன் நிலை. அவ்விரைவைக் கடந்துவிட்டாலோ படகு அலையின் முதுகின்மீதேறிவிடும். அதன்பின் தடை குறைகின்றது. எனவே மணிக்கு ஆறு மைலிற் செல்வதைக் காட்டிலும் ஒன்பது மைலிற் செல்வது குதிரைக்கு எளிதாதலும் உண்டு. இத்தடைகளைப் பற்றிய கட்டுரைக்கு எடின்பர்க் ராயல் சொஸைட்டியார் 1837-இல் கீத் தங்கப்பதக்கம் அளித்தனர்.

கண்ட காட்சியைக் கண்டதோடு விட்டுவிடாமை ரஸ்ஸலின் தனிச்சிறப்பு. ஒடுங்கி நீண்ட தொட்டியொன்று அமைத்து, அதன் ஒரு கோடியிற் பலகையால் நீரைத் தேக்கி வைத்துத் திடீரெனப் பலகையைத் தூக்குவார். அல்லது பாரமொன்றை நீரில் அமிழ்த்துவார். இடம்பெயர்ந்த நீர் தனியலையாய்த் திரண்டு தொட்டியின் மறுகோடி சென்று, சுவரில் மோதி மீண்டு, பின்னும் மோதி மீண்டு வரும். சிறு தொட்டியிலேயே நெடுந்தொலைவு செல்லும் அலையை இவ்வாறு அவர் கண்ணெதிரே வைத்து அளந்தார். அவர் கண்ட விதி எளியது. அசையா நீரின் ஆழத்தோடு அலையின் உயரத்தையுங் கூட்டி, அதனைப் புவியீர்ப்பின் அளவாற் பெருக்கி, வர்க்கமூலங் காணின் அதுவே அலையின் விரைவு. நான்கடி ஆழத்தில் அரையடி உயரமுள்ள அலையெனக் கொள்வோம். நாலரையை முப்பத்திரண்டாற் பெருக்க 144 ஆகும். அதன் மூலம் 12. நொடிக்குப் பன்னிரண்டடி என்பது மணிக்கு எட்டு மைலுக்குச் சிறிது மிகுதி. கணிதத்திற்கு அஞ்சித் தமிழ் வகுப்பிற் புகுந்தவர்களுங்கூடச் செய்துபார்க்கத்தக்க கணக்கு இது!

வேறு சிலவும் அவர் கண்டார். உயர்ந்த அலை தாழ்ந்த அலையினும் விரைந்து செல்லும். மிகுதியான நீரை ஒருங்கே தள்ளின், அஃது ஓரலையாய் நில்லாது இரண்டாகவோ பலவாகவோ பிரிந்து, உயர்ந்தது முன்னும் தாழ்ந்தது பின்னுமாகச் செல்லும். எதிரெதிர் வரும் இரண்டு தனியலைகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்று தத்தம் வடிவை மீளப்பெறும். மேடுபோலன்றிப் பள்ளம்போலுள்ள அலையை எழுப்பினால் அது நிலைபெறாமற் சிதைந்துபோம். இத்தனியலைக்குப் பெயர்ச்சி அலை என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஏனெனில் அது கடந்து செல்லும்போது நீர்த்துகள்களைச் சிறிது முன்னே பெயர்த்து வைத்துவிட்டுச் செல்கின்றது. இதனை முதல் வகுப்பாகவும், கடலிற் காணும் ஊசலலையை இரண்டாவதாகவும், காற்றுத் தடவுங்கால் எழும் சிற்றலையை மூன்றாவதாகவும், ஒலியலையை நான்காவதாகவும் கொண்டு, அவர் எழுதிய அலைகளைப் பற்றிய அறிக்கை 1844-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் அசோஸியேஷனின் கூட்டத்திற்கு அளிக்கப்பட்டது.

கணித வல்லுநர் அதனை எவ்வாறு ஏற்றனர்? அரசாங்க வானநூலறிஞராயிருந்த ஜார்ஜ் ஏரி என்பவர் 1845-இல் வெளியிட்ட தம் பெருநூலில் ரஸ்ஸலின் தனியலைக்குத் தனிச்சிறப்பு யாதுமில்லை என்றே கொண்டார். அவரது கணிதத்தின்படி, உயரமுள்ள அலையின் முடி அடியினும் விரைந்து செல்லுமாதலின் அலை முன்புறம் செங்குத்தாகி உடைதல் வேண்டும். வடிவு மாறாது செல்லுதல் இயலாது. 1847-இல் ஸ்டோக்ஸ் என்னும் இளங்கணிதரும் ஐயுற்றார். இருவரும் கேம்பிரிட்ஜ் வளர்த்த பேரறிஞர். ரஸ்ஸலோ பல்கலைக்கழகப் பதவி கிட்டாத பொறிவினைஞர். அலையைக் கண்ணாற் கண்டு கையால் அளந்தவர் ஒருபுறம். அத்தகைய அலை இருத்தல் அரிது என்று தாளிற் கணக்கிட்டவர் மறுபுறம். ரஸ்ஸல் தம் கூற்றினின்றும் பின்வாங்கவில்லை. ஆனால் தம் அலை ஏன் உடையவில்லை என்பதைக் கணிதத்தால் நிறுவும் ஆற்றல் அவரிடம் இல்லை. இவ்விடத்தில் ஏரியைப் பழித்தல் எளிது. அவருடைய கணக்கிற் பிழையில்லை, ஒரு பாதி விடுபட்டிருந்தது என்பதே உண்மை.

அவ்விடுபட்ட பாதி யாது? அலையின் முடி முந்துவதால் அது செங்குத்தாக முனைகின்றது. அதே வேளையில், எந்த அலையும் நெடியவும் குறியவுமான பல அலைகளின் கூட்டாகவே உள்ளது. நெடியவை விரைந்தும் குறியவை மெல்லவும் செல்வதால் அது பரந்து சிதறவும் முனைகின்றது. ஒன்று அலையைக் கூர்மையாக்குகின்றது, மற்றொன்று பரப்புகின்றது. இரண்டும் சரியாக ஈடாகுங்கால் அலை தன் வடிவைக் காத்துக்கொண்டே செல்கின்றது. இதனை 1871-இல் பிரெஞ்சு நாட்டுப் பூஸினெஸ்க் என்பவரும், 1876-இல் ராலே பிரபுவும் கணிதத்தால் மெய்ப்பித்தனர். ரஸ்ஸலின் விரைவு விதியும் சரியெனத் தெளிவாயிற்று. அப்பொழுது ரஸ்ஸல் உயிரோடிருந்தார். ராலேயின் கட்டுரை வெளியாகுங்கால் அவருக்கு வயது அறுபத்தெட்டு. கால்வாய்க் காட்சிக்கும் அதற்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

அவரது நடுவயது வாழ்க்கை தனி நூலாக விரியத்தக்கது. ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். 1844-இல் இலண்டன் சென்று பத்திரிகை நடத்தினார். கலைக்கழகத்தின் செயலாளராய் 1851-ஆம் ஆண்டுப் பெரும் பொருட்காட்சிக்கு வித்திட்டாருள் ஒருவரானார். 1849-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். விரைந்து செல்லும் புகைவண்டியில் அமர்ந்து கேட்பார்க்கு ஊதலோசையின் சுருதி மாறுபடுவதை ஆராய்ந்து 1848-இல் வெளியிட்டார். தேம்ஸ் ஆற்றங்கரையில் மில்வால் என்னுமிடத்திற் கப்பல் கட்டுந்துறை நடத்தினார்.

அவ்விடத்திலேதான் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ பிறந்தது. அதனை எண்ணியவர் பொறியியற் பேரறிஞர் புரூனெல்; கட்டியவர் ரஸ்ஸல். நீளம் 692 அடி. இடையில் நிலக்கரி ஏற்றாமலே கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லவேண்டும் என்பது நோக்கம், அதனாலேயே அப்பெயர். ரஸ்ஸல் ஒப்புக்கொண்ட தொகை 377,200 பவுன். அத்தொகை போதாது என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. 1856 பிப்ரவரியில் ரஸ்ஸலின் தொழில் முறிந்து, கடன்காரர் கையிற் சிக்கினார். புரூனெலுக்கும் அவருக்கும் பகை மூண்டது. 1857 நவம்பரில் நீரில் இறக்கத் தொடங்கிய கப்பல், அசைய மறுத்து, 1858 ஜனவரி இறுதியிலேதான் மிதந்தது. 1859 செப்டம்பரில் முதல் ஓட்டத்தின்போது வெடிப்பு நிகழ்ந்து தொழிலாளர் சிலர் மாண்டனர். நோயுற்றுக் கிடந்த புரூனெலும் அம்மாதம் 15-ஆம் நாள் மறைந்தார். வெடிப்புக்கு யார் பொறுப்பு என்ற வினா ரஸ்ஸலையும் தொட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு வெடிப்பு!

புரூனெலின் வரலாற்றை 1957-இல் எழுதிய ரோல்ட் என்பவர், ரஸ்ஸலை ஏறக்குறைய வஞ்சகராகவே தீட்டிவிட்டார். 1977-இல் எமர்ஸன் என்பவர் ரஸ்ஸலின் வரலாற்றை எழுதி அப்பழியைத் துடைக்க முயன்றார். இருவருள் யார் பக்கம் நிற்பது? தாங்கமுடியாத விலைக்கு ஒப்புக்கொண்டதும், கணக்கிற் கவனக்குறைவும் ரஸ்ஸலின் குற்றங்களே என்று எனக்குத் தோன்றுகின்றது. வஞ்சகம் என்பதற்குப் போதிய சான்றில்லை. கப்பலின் உடலோ அவரது கைத்திறனுக்குச் சான்றாய் நின்றது. 1862-இல் அமெரிக்கக் கரையருகே பாறையில் மோதி எண்பதடிக்கு மேற்பட்ட நீளங் கிழிந்தபோதும், இரட்டைச் சுவர் அமைப்பால் அது மூழ்காமற் கரைசேர்ந்தது. 1866-இல் அத்லாந்திக் கடலடியில் தந்திக் கம்பி வெற்றியாக இட்டதும் அக்கப்பலே. கீழ்த்திசைக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லவென்று கட்டப்பட்ட அது, 1870-இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே தந்திக் கம்பி இடுவதற்காகவே இந்திய நாட்டுக் கடலுக்கு வந்தது.

கப்பலின் உடலை அலையின் வளைவுக்கேற்ப வகுக்கவேண்டும் என்னும் கொள்கையை ரஸ்ஸல் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். அதன்படி கட்டப்பட்ட கப்பல்கள் நன்றாகவே ஓடின. ஆயினும் அக்கொள்கை நிலைக்கவில்லை. வில்லியம் புரூட் என்பவர் 1872-இல் டார்க்கி நகரின் தொட்டியில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்து அளந்து கண்ட முறையே உலகெங்கும் பரவிற்று. பின்னாளில் வியன்னா நகரத்து 1873-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு மாபெருங் குவிமாடம் ஒன்றையும் ரஸ்ஸல் வகுத்தளித்தார். 1882 ஜூன் 8-ஆம் நாள், வைட் தீவிலுள்ள வென்ட்னர் என்னும் ஊரில் ஆரவாரமின்றி உயிர்நீத்தார். அவர் மறைந்தபின் 1885-இல் வெளிவந்த நூலில், தம் அலையைக் காற்றுக்கும் ஈதருக்கும் பொருத்திப் பார்த்திருந்தார். ஈதர் என்பதொன்று பின்னர்ப் பௌதிகத்தினின்றே நீக்கப்பட்டுவிட்டமையால் அப்பகுதி வீணாயிற்று. தாம் கண்ட அலை நீரளவில் அடங்குவதன்று என்று அவர் கொண்ட எண்ணம் மட்டும் வீணாகவில்லை.

1895-இல் டச்சு நாட்டுக் கோர்டெவெக், டி விரீஸ் என்னும் இருவர், ஆழங்குறைந்த நீரில் அலை மாறிச்செல்லும் வகையை ஒரே சமன்பாட்டில் அடக்கினர். அதன்பின் அறுபதாண்டுகள் அது பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. அதனை எழுப்பியது கணிப்பொறி. லாஸ் அலமாஸ் நிலையத்தில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகியோர், திடப்பொருளின் துகள்களை விற்சுருள்களாற் பிணைத்த சங்கிலியாகக் கொண்டு, அதில் அதிர்ச்சி எவ்வாறு பரவுகின்றது என்று கணிப்பொறியிற் கண்டனர். கணிப்பொறிக்குரிய கட்டளைகளை எழுதியவர் மேரி சிங்கூ என்னும் பெண்மணி. சங்கிலி முழுதும் ஆற்றல் சமமாகப் பரவிவிடும் என்றெண்ணினர். 1955-இல் எழுதப்பட்ட அறிக்கை வேறொன்று கூறிற்று: ஆற்றல் சில அதிர்வுகளிலேயே சுழன்று, ஏறக்குறையத் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிட்டது. காரணந் தேடிய ஸபுஸ்கி, குருஸ்கல் என்னும் இருவர், அத்துகட்சங்கிலியின் நெறியும் கோர்டெவெக், டி விரீஸ் சமன்பாட்டில் வந்து சேர்வதைக் கண்டு, 1965-இல் அதனைக் கணிப்பொறியில் ஓட்டினர். ஓரலை பல தனியலைகளாய்ப் பிரிந்தது, உயர்ந்தவை முந்தின, ஒன்றையொன்று ஊடுருவி வடிவு கெடாமல் வெளிப்பட்டன. துகள்போல் நடக்கும் அவ்வலைக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டனர். ரஸ்ஸலின் தொட்டியிற் கண்டவை கணிப்பொறியில் மீண்டுந் தோன்றின!

பின்னர் அது பல இடங்களிற் காணப்பட்டது. 1973-இல் ஹாஸெகாவா, டாப்பெர்ட் என்போர் கண்ணாடி இழையில் ஒளியும் அவ்வாறு செல்லக்கூடும் எனக் கணித்தனர். 1980-இல் மோலெனார் என்பவரும் தோழரும் சோதனையால் அதனைக் காட்டினர். வரிசையாக ஒன்றையொன்று தொட்டு நிற்கும் குண்டுகளின் ஒரு கோடியில் தட்டினால், அத்தட்டு தனியலையாய்ச் செல்லும் என்று சோவியத் நாட்டு நெஸ்டெரென்கோ 1983-இல் நிறுவினார்.

ஹெர்மிஸ்டனை அடுத்து ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் உள்ளது. நெடுஞ்சாலையொன்றைக் கடத்தற்காக அவ்விடத்தில் யூனியன் கால்வாய்க்குக் கட்டப்பட்ட பாலத்திற்கு ஸ்காட் ரஸ்ஸலின் பெயரிட்டனர். 1995 ஜூலை 12-ஆம் நாள், அங்குக் கூடிய அலைநூல் அறிஞர்கள் அப்பாலத்தின் நீரிற் படகொன்றை விரைந்து செலுத்தித் திடீரென நிறுத்தினர். முகப்பில் திரண்ட நீர் தனித்தெழுந்து முன்னே சென்றது. ரஸ்ஸல் குதிரையேறிச் சென்ற அக்கரைப்பாதையின் அடியில், எடின்பர்க்கையும் கிளாஸ்கோவையும் இணைக்கும் ஒளியிழை வடமும் பதிக்கப்பட்டது.